பன்னிரண்டு டப்பாக் களிம்புடன் கப்பல் ஏறிய பெண்

ஆத்தூர்க் கடைவீதியில் முகப்பூச்சு வாங்கப் போகும் பெண்கள், கடைக்காரரிடம் முதலில் கேட்பது எது? இருப்பதிலேயே நல்ல சரக்கு எது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

கேள்வியே தவறு!

என் முகத்துக்கு ஏற்றது எது என்று அல்லவா கேட்க வேண்டும்? அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பொருந்திய பூச்சு நமக்குப் பருவைக் கொண்டு வரும். அக்காளுக்கு ஒத்துக் கொண்டது தங்கைக்கு எரிச்சலைத் தரும்.

இந்தச் சிறு வித்தியாசத்தை உலகத்துப் பெண்களுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு பெண்மணி. சொல்லியே கோடீசுவரி ஆனவர். நாலு அடி பத்து அங்குல உயரம்தான் இருப்பார். பெயர், ஹெலினா ரூபின்ஸ்டீன்.

அவர் சொன்னது என்ன? விற்றது என்ன? இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத் தெரிந்து கொண்டால் நம் கைக்காசும் மிஞ்சும், முகமும் பிழைக்கும்.

எட்டுப் பெண்களில் மூத்தவர்

1872-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் ஹெலினா பிறந்தார். அப்போது அந்த நகரம் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. யூதக் குடும்பம். தந்தை சிறு வியாபாரி. வீட்டில் எட்டுப் பெண் குழந்தைகள். ஹெலினாதான் மூத்தவர்.

எட்டுப் பெண்களைப் பெற்ற வீட்டின் கவலையை நம் ஊர்த் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவளை முதலில் கரையேற்ற வேண்டும் என்று தந்தை ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தார். மகள் மறுத்து விட்டார். வீட்டில் புயல் வீசியது. ஹெலினா வியன்னா நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கும் நிலைக்கவில்லை.

1896-ம் ஆண்டு, தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அவருடைய தாய்மாமன் இருந்தார். கையில் பணம் இல்லை. ஆங்கிலம் சரியாகத் தெரியாது. பெட்டிக்குள் தாயார் கொடுத்தனுப்பிய முகக் களிம்பு இருந்தது. பன்னிரண்டு டப்பா என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

ஆடு மேய்ந்த ஊர்

விக்டோரியா மாகாணத்தில் கோல்ரெயின் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் ஆட்டு மந்தைகள். சுட்டெரிக்கும் வெயில்; புழுதியை வாரி அடிக்கும் காற்று.

அங்கே வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண்களின் முகம் இளவயதிலேயே வறண்டு, சுருங்கி, செம்புள்ளி விழுந்து கிடந்தது. புதிதாக வந்த ஹெலினாவின் முகமோ பளிங்கு போல் இருந்தது. அவர் என்ன பூசுகிறார் என்று பெண்கள் விசாரித்தார்கள். அம்மா கொடுத்த டப்பாக்களைக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தீர்ந்து போயின.

இதில் வியாபாரம் இருக்கிறது என்று ஹெலினாவின் மனத்தில் பொறி தட்டியது.

மூலப் பொருள் கண் முன்னே மேய்ந்து கொண்டிருந்தது! செம்மறியாட்டுக் கம்பளியில் ஒரு வகைக் கொழுப்பு ஊறி இருக்கும். கம்பளியை அலசும்போது அதைப் பிரித்து எடுப்பார்கள். லானோலின் என்று பெயர். தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் ஆட்டு நாற்றம் குடலைப் புரட்டும். வாசனைப் பூக்களின் சாரத்தைச் சேர்த்து அந்த நாற்றத்தை மறைக்க ஹெலினா வழி தேடினார்.

நம் சேலம் சீமையிலும் பெயர் பெற்ற ஆடு இருக்கிறது: மேச்சேரி ஆடு. அதற்குக் கம்பளி கிடையாது, மயிர்தான். அதன் பெருமை இறைச்சியிலும் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலியா ஆட்டின் பெருமை கம்பளியில் இருந்தது. அந்தக் கம்பளியின் அழுக்கில் இருந்துதான் ஒரு சாம்ராஜ்யம் முளைத்தது.

பத்துப் பென்சு, ஆறு ஷில்லிங்

கோல்ரெயினை விட்டு ஹெலினா வெளியேறினார். குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் வேலை செய்தார். மெல்போர்ன் நகரில் ஒரு தேநீர் விடுதியில் பரிமாறினார். அங்கே அறிமுகமானவர்களின் உதவியோடு, 1903-ம் ஆண்டு வாக்கில் அதே நகரில் சிறிய கடை ஒன்றைத் திறந்தார்.

களிம்புக்கு "வலாஸ்" என்று பெயர் வைத்தார். ஒரு டப்பா தயாரிக்கப் பத்துப் பென்சு செலவு. விற்ற விலை ஆறு ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழு மடங்குக்கு மேல்!

ஏன் அவ்வளவு விலை? மலிவாகக் கொடுத்தால் பெண்கள் நம்ப மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். விலை உயர்ந்தால் மதிப்பும் உயரும் என்று கணக்குப் போட்டார். கணக்குப் பலித்தது. கடையில் கூட்டம் முண்டியடித்தது.

இன்னொரு தந்திரமும் உண்டு. லைகுஸ்கி என்ற வைத்தியர் கண்ட முறை என்றார். கார்ப்பேத்திய மலைகளில் பறித்த அரிய மூலிகைகளின் சாறு என்றார். தாமே மருத்துவம் படித்ததாகவும் சொல்லிக் கொண்டார். வெள்ளை அங்கி அணிந்து, சோதனைக் குழாய்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக் கொண்டார்.

அவருடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் இவற்றை ஏற்கவில்லை. அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. மலை மூலிகைக் கதையும் விற்பனைக்காகச் சொன்ன கதைதான் என்கிறார்கள்.

பெண்கள் மூன்று வகை

கதையை விற்றவர் என்று இந்த அம்மையாரைத் தள்ளிவிட முடியுமா? முடியாது. ஏனென்றால் கடைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அவர் உற்றுப் பார்த்தார். எல்லா முகமும் ஒன்றல்ல என்பதைக் கண்டார்.

ஒருத்தியின் முகம் கழுவிய சற்று நேரத்தில் எண்ணெய் வழிந்தது. மற்றொருத்தியின் முகம் வறண்டு பொருக்குத் தட்டியது. இன்னொருத்திக்கு இரண்டும் இல்லை. ஆகவே எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், சாதாரணச் சருமம் என்று பிரித்து, அதற்கு அதற்கென்று வேறு வேறு பூச்சுகளைக் கொடுத்தார். அழகுப் பொருள் வியாபாரத்தில் இந்த வகைப் பிரிவைப் புகுத்தியவர் என்ற பெருமை அவருக்கே சொல்லப்படுகிறது. வெயில் முகத்துக்குப் பகை, நிழலில் இருங்கள் என்றும் வற்புறுத்தினார்.

நூறு ஆண்டு கடந்தும் அந்தப் பிரிவு நிற்கிறது. இரண்டு வகைகள் கூடியிருக்கின்றன. நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும் எண்ணெய் வழிந்து, கன்னம் வறண்டிருந்தால் அது கலப்புச் சருமம். எதைப் பூசினாலும் சிவந்து அரித்தால் அது எளிதில் புண்படும் சருமம்.

உங்கள் முகம் எந்த வகை? கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். மென்மையான சோப்பால் முகத்தைக் கழுவித் துடையுங்கள். ஒரு மணி நேரம் எதையும் பூசாமல் வீட்டு நிழலில் இருங்கள். பிறகு கண்ணாடியைப் பாருங்கள். தோல் இழுத்துப் பிடித்தால் வறட்சி. முகம் முழுவதும் மினுமினுத்தால் எண்ணெய். இரண்டும் இல்லாவிட்டால் சாதாரணம். கோடையில் ஒரு தடவை, மார்கழிப் பனியில் ஒரு தடவை பாருங்கள். பருவம் மாறினால் முகமும் மாறும். வயது ஏறினாலும் மாறும்.

சீமையில் இருந்து அமெரிக்காவுக்கு

கடை பெருகியது. தங்கைகள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். 1908-ம் ஆண்டு லண்டனில், பிரபுக்கள் வாழ்ந்த மேபேர் பகுதியில், ஹெலினா அழகு நிலையம் திறந்தார். அதே ஆண்டு எட்வர்ட் டைட்டஸ் என்ற பத்திரிகையாளரை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தனர். அடுத்து பாரிஸ் நகரிலும் நிலையம் வந்தது.

1914-ல் உலகப் போர் மூண்டது. குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார். 1915-ல் நியூயார்க்கில் கடை திறந்தார். அங்கே எலிசபெத் ஆர்டன் என்ற மற்றோர் அழகுக்கலை ராணி ஏற்கெனவே கொடி நாட்டியிருந்தார். இருவருக்கும் அரை நூற்றாண்டுப் போட்டி. ஒரே நகரில், நடந்து போகும் தூரத்தில் கடைகள். ஆனால் இருவரும் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசிக் கொண்டதில்லை என்று சொல்வார்கள்!

வியாபாரம் வளர்ந்த வேகத்தில் குடும்பம் தேய்ந்தது. கணவர் இலக்கியப் பிரியர். பாரிசில் புத்தகங்கள் வெளியிட்டார். மனைவிக்கோ கடைதான் உயிர். மணவாழ்வு முறிந்தது. 1938-ல் ஜார்ஜிய நாட்டு இளவரசர் அர்ட்சில் குரியேலியை மணந்து இளவரசி என்ற பட்டத்தையும் பெற்றார். அந்தப் பட்டமும் களிம்பு டப்பாவில் ஏறியது!

விற்றார், வாங்கினார்

1928-ம் ஆண்டு தமது அமெரிக்கக் கம்பெனியை லேமன் பிரதர்ஸ் என்ற பெரும் வங்கிக்கு 73 லட்சம் டாலருக்கு விற்றார். மறு ஆண்டே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கம்பெனியின் பங்கு விலை அதல பாதாளத்துக்குப் போனது. ஹெலினா பதறவில்லை. 15 லட்சம் டாலருக்கும் குறைவான தொகைக்கு அதே கம்பெனியைத் திரும்ப வாங்கிக் கொண்டார். ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் லாபம்!

இத்தனை செல்வத்திலும் சிக்கனம் போகவில்லை. காகிதப் பையில் மதிய உணவைக் கட்டிக் கொண்டு அலுவலகம் போவார். வாங்கும் பொருளுக்கெல்லாம் பேரம் பேசுவார். ஆனால் ஓவியம், சிற்பம், நகை என்றால் அள்ளி வீசுவார். டாலி முதலிய புகழ் பெற்ற ஓவியர்கள் அவரை வரைந்திருக்கிறார்கள்.

பணம் எல்லாக் கதவையும் திறந்து விடவில்லை. நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் ஒரு வீட்டுக்குக் கேட்டபோது, யூதர்களுக்குக் கொடுப்பதில்லை என்று மறுத்து விட்டார்கள். ஹெலினா சண்டை போடவில்லை. அந்தக் கட்டடம் முழுவதையும் விலைக்கு வாங்கிக் குடியேறினார். 1941-ல் நடந்தது இது.

அதே காலத்தில் ஐரோப்பாவில் நடந்ததை அவரால் விலைக்கு வாங்கித் தடுக்க முடியவில்லை. தங்கைகளில் ஒருவரான ரெஜினா நாஜிகளின் கொடுமைக்குப் பலியானார். உலகத்து முகங்களையெல்லாம் காக்கப் புறப்பட்டவருக்குத் தன் உடன்பிறந்தாளைக் காக்க முடியாமல் போயிற்று.

களிம்பு எது? கதை எது?

1938-ல் அமெரிக்க அரசு புதிய சட்டம் கொண்டு வந்தது. உணவு, மருந்தோடு அழகுப் பொருள்களும் முதன்முதலாக மத்திய அரசின் கண்காணிப்புக்குள் வந்தன. டப்பாவின் மேல் கண்டபடி எழுதி விற்ற காலம் மலையேறத் தொடங்கியது. இந்தியாவிலும் மருந்துகள், அழகுப் பொருள்கள் பற்றிய 1940-ம் ஆண்டுச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது.

ஹெலினா விற்றதில் கதையைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? மூன்றே காரியங்கள்: அழுக்கை நீக்கு, ஈரத்தைக் காப்பாற்று, வெயிலைத் தடு. இன்றைய தோல் மருத்துவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பத்து டப்பா வேண்டாம். முகத்தின் வகை அறிந்து மூன்று பொருளை வாங்கினால் போதும்.

கழுவுவது: காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, வியர்த்துக் கொட்டினால் இன்னொரு முறை. எண்ணெய் வழிகிறதே என்று நாளுக்கு ஆறு தடவை சோப்புப் போடக் கூடாது. அதனால் தோல் புண்படும், எண்ணெய் குறையாது. வறண்ட முகத்துக்குக் காரம் மிகுந்த சோப்பு ஆகாது.

ஈரம் காப்பது: முகம் கழுவித் துடைத்த கையோடு, ஈரம் முழுவதும் காய்வதற்குள் பூச வேண்டும். வறண்ட சருமத்துக்குக் கெட்டியான களிம்பு. எண்ணெய்ச் சருமத்துக்கு எண்ணெய் இல்லாத, தண்ணீர் பதமான பூச்சு. தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு நல்லது. பரு வரும் முகத்தில் அதைத் தடவினால் மயிர்த் துளைகள் அடைபட்டுப் பரு கூடும். ஹெலினாவுக்கு வாழ்வு தந்த லானோலின்கூடச் சிலருக்கு ஒத்துக் கொள்ளாது. ஆகவே எதையும் முன்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்தில் பூசுங்கள்.

வெயில் தடுப்பது: நமக்கு இதுதான் முக்கியம். ஆத்தூர் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு வயலிலும், மஞ்சள் காட்டிலும், சேகோ ஆலைக் களத்திலும் நாள் முழுவதும் நிற்கும் பெண்கள் எத்தனை பேர்! கறுத்த தோல் வெள்ளைத் தோலைவிட வெயிலைத் தாங்கும் என்பது உண்மை. அடியோடு தாங்கிவிடும் என்பது உண்மையல்ல. கன்னத்தில் படரும் மங்கு வெயிலால் அதிகமாகும். எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேல் குறித்த சன்ஸ்கிரீனை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூச வேண்டும். வெயிலிலேயே வேலை என்றால் இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். வசதி இல்லாதவர்கள் முந்தானையையும் துண்டையும் குடையையும் விடக் கூடாது. துணி நிழலுக்கு நிகரான களிம்பு இல்லை.

மஞ்சள் பூசலாமா? நம் மண்ணில் விளைவது, பழக்கமானது, ஒத்துக் கொண்டால் பூசலாம். ஆனால் அது வெயிலைத் தடுக்காது. எலுமிச்சம் சாற்றை முகத்தில் தேய்த்துக் கொண்டு வெயிலில் போகவே கூடாது. தோல் வெந்து, கறுத்துப் போகும்.

சிவப்பாக்கும் களிம்பு

ஹெலினாவின் மூலிகைக் கதை பெண்களின் பணத்தைத்தான் பறித்தது. இன்று விற்கும் சில களிம்புகள் உயிருக்கே உலை வைக்கின்றன.

ஏழே நாளில் சிவப்பாக்கும் என்று, பெயர் தெரியாத ஊரில் இருந்து வரும் டப்பாக்களில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. 2023-ம் ஆண்டு கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட களிம்பைப் பூசியவர்களின் சிறுநீரகம் பழுதானதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முகத்தில் பூசிய விஷம் உள்ளே இறங்கி விட்டது!

ஸ்டீராய்டு கலந்த களிம்பு மற்றோர் ஆபத்து. பூசிய சில நாளில் முகம் பளபளக்கும். தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடிக்கும். நிறுத்தினால் எரியும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் இதைத் தொடக் கூடாது. தயாரித்தவர் முகவரி, உரிமம் எண், சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல், காலாவதித் தேதி: இந்த நான்கும் இல்லாத டப்பா இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தோலின் நிறம் நோயல்ல. மாற்ற வேண்டிய குறையும் அல்ல. அது இயற்கை கொடுத்த குடை. ஹெலினா பிரித்த மூன்று வகையில் கறுப்பு, சிவப்பு என்ற பிரிவே இல்லை!

கடைசி நாட்கள்

முதுமையிலும் ஹெலினா ஓயவில்லை. 1953-ல் அறநிலையம் ஒன்றை நிறுவினார். இஸ்ரேலின் டெல் அவீவ் நகரில் அவர் பெயரால் 1959-ல் ஓவியக் கூடம் திறக்கப்பட்டது.

1964-ல், அவருக்கு 91 வயது. பூ கொண்டு வந்தவர்கள் போல் நடித்துக் கொள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். துப்பாக்கியைக் காட்டி இரும்புப் பெட்டிச் சாவியைக் கேட்டார்கள். கிழவி அசையவில்லை. சாகும் வயதில் சாவுக்குப் பயப்படுவேனா என்ற துணிவு! சாவி அவரிடமே மறைந்து இருந்தது. கொள்ளைக்காரர்கள் நகைகளைத் தொடாமலே ஓடினார்கள்.

1965-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, 92-வது வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார். அவருடைய கம்பெனி பல கை மாறி, இப்போது பிரான்சு நாட்டு லோரியல் கம்பெனியிடம் இருக்கிறது.

ஏழு மடங்கு விலைக்கு விற்ற அந்தப் பெண்மணி, விலையில்லாத ஒன்றையும் நமக்கு விட்டுப் போயிருக்கிறார். பூச்சை வாங்கும் முன் முகத்தைப் பார் என்பதே அது. அதற்கு வேண்டியது ஒரு கண்ணாடி. ஒரு மணி நேரப் பொறுமை. இரண்டும் ஆத்தூரில் எந்த வீட்டிலும் கிடைக்கும்.